அழுத்தக் கலனின் இணைப்புத் திறனும் ரேடியோகிராஃபி ஃபிலிமும்: தகடு வாங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டியவை

ஓர் அழுத்தக் கலனுக்குத் தகடு வாங்க ஆர்டர் எழுதும் நாளிலேயே, அதன் வெல்டிங்கில் எந்தெந்தத் தையலுக்கு (தகடுகள் சேரும் வெல்டிங் கோட்டுக்கு) எத்தனை மீட்டர் ஃபிலிம், அதாவது உட்குறையைக் காட்டும் கதிர்ப்படம், எடுக்கப் போகிறோம் என்பதும் எழுத்தில் முடிவாகியிருக்க வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் பேட்டையிலும் கங்கைகொண்டான் சிப்காட்டிலும் தூத்துக்குடிச் சாலையிலும் உள்ள பட்டறைகளுக்கு ஆய்வு வேலையாகப் போய்வந்த ஆண்டுகளில் நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை வெல்டரின் கையில் நேர்ந்தவை அல்ல. இந்த முடிவைத் தள்ளிப்போட்டதால் நேர்ந்தவை. பாலிடெக்னிக் முடித்து இந்த வட்டாரத்துப் பட்டறைகளில் தர ஆய்வுக்குச் சேரும் இளைஞர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் விஷயம் விளங்கும். ஒரு பட்டறையில் 1200 மி.மீ. உள்விட்டமுள்ள கிடைமட்டக் காற்றுக் கலன் ஒன்றை, 1.0 மெகாபாஸ்கல், அதாவது ஏறக்குறைய 10 பார் அழுத்தத்துக்குச் செய்தார்கள். நீளத் தையல் முழுவதற்கும் ஃபிலிம் எடுப்பதாகக் கணக்கு எழுதி, 6 மி.மீ. தகடு வாங்கிவிட்டார்கள். வேலை முடியும் தறுவாயில் செலவைக் குறைக்க எண்ணி, சில இடங்களில் மட்டும் ஃபிலிம் எடுத்து நிறுத்திக்கொண்டார்கள். ஆவணங்களைச் சரிபார்த்த நானும் அந்த முரணைக் கடைசிக் கட்டத்தில்தான் கண்டேன். அந்த நிலையில் கலன் தாங்கத் தகுதியுள்ள அழுத்தம் 0.87 மெகாபாஸ்கல் மட்டுமே. மீதி ஃபிலிமை எடுக்கலாமென்றால், தாங்கிக் காலின் பட்டைத் தகடு நீளத் தையலின் மேலேயே வெல்டிங் செய்யப்பட்டிருந்தது. பட்டையை வெட்டி எடுத்து, தேய்த்து, ஃபிலிம் எடுத்து, இரண்டு இடங்களில் ஸ்லாக்கை, அதாவது உள்ளே சிக்கிய வெல்டிங் கசடை, பழுது பார்த்து, காலை வேறிடத்தில் பொருத்தி, மீண்டும் நீரழுத்தச் சோதனை செய்து முடிக்கும்போது, மிச்சப்படுத்த நினைத்ததைப்போல் பல மடங்கு செலவாகியிருந்தது.

இணைப்புத் திறன் என்பது என்ன?

தகட்டின் வலிமையை ஆலைச் சான்றிதழ் சொல்லிவிடுகிறது. வெல்டிங்கின் வலிமையை அப்படிச் சொல்ல யாருமில்லை. அது நம் பட்டறையில், நம் கண் முன்னால் உருவாவது. அதன் உட்புறம் எவ்வளவு சோதிக்கப்பட்டதோ அந்த அளவுக்கே அதை நம்பலாம் என்று விதிநூல் வகுத்திருக்கிறது. அந்த நம்பிக்கையின் எண் வடிவமே இணைப்புத் திறன். பட்டறைப் பேச்சில் ஜாயின்ட் எஃபிஷியன்சி. வெல்டிங் உண்மையில் தகட்டின் 85 விழுக்காட்டு வலிமையோடுதான் இருக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. நல்ல வெல்டிங் தகட்டுக்கு இணையாகவே நிற்கும். ஆனால் உள்ளே பார்க்காதவரை அது நல்ல வெல்டிங் என்று கணக்கில் எழுத நமக்கு உரிமையில்லை.

இங்கே நான் அடிப்படையாகக் கொள்வது அமெரிக்க எந்திரப் பொறியாளர் சங்கத்தின் ஏ.எஸ்.எம்.இ. விதிநூலின் எட்டாம் பிரிவு, முதல் பகுதி. நம் நாட்டின் ஐ.எஸ். 2825, 1969-இல் வந்தது. அதிலும் முதல் வகுப்புக் கலனுக்கு 1.0, இரண்டாம் வகுப்புக்கு 0.85 என்று கருத்து ஒன்றுதான். நெல் அவிக்கும் ஆலைகளின் கொதிகலன்கள் 1950-ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறைகளின்படி செய்யப்பட்டுவந்தவை. எரிவாயு, அமோனியா போன்ற அழுத்த வாயுக்களின் கலன்கள் 2016-ஆம் ஆண்டின் நிலையான, நகரும் அழுத்தக் கலன் விதிகளுக்கும் உட்பட்டவை. கூடங்குளத்து அணு உலைக் கலன்களுக்கும் மகேந்திரகிரியில் ஏவூர்தி எந்திரங்களைச் சோதிக்கும் கலன்களுக்கும் விதிநூல்கள் தனி. இங்குச் சொல்லும் எண்களை அங்கே கொண்டுபோகக் கூடாது.

தகடுகளின் விளிம்புகளை எதிரெதிரே வைத்துச் சேர்ப்பது முட்டு இணைப்பு; அதை இருபுறமும் வெல்டிங் செய்தால் முதல் வகை. முழு நீளமும் ஃபிலிம் எடுத்தால் 1.0, ஆங்காங்கே எடுத்தால் 0.85, எடுக்காவிட்டால் 0.70. ஒருபுறம் மட்டும் வெல்டிங் செய்து, அடியில் தாங்கலாக வைத்த அடிப்பட்டை அகற்றப்படாமல் உள்ளேயே நின்றால் அது இரண்டாம் வகை, அதற்கு 0.90, 0.80, 0.65. அடிப்பட்டையும் இல்லாமல் ஒருபுறம் மட்டும் செய்தது மூன்றாம் வகை. அதற்கு எவ்வளவு ஃபிலிம் எடுத்தாலும் 0.60-க்கு மேல் கிடையாது. அதுவும் சுற்றுத் தையலுக்கு மட்டும், 16 மி.மீ. கனத்துக்கும் 600 மி.மீ. வெளிவிட்டத்துக்கும் உட்பட்டே அனுமதி. ஆள் நுழைய முடியாத சிறு கலனின் கடைசி டிஷ் எண்டை (குழிந்த மூடி முனையை) மூடும்போது இந்தக் கேள்வி வரும். டிக் என்ற வாயுக் காப்பு வெல்டிங் முறையில் ரூட்டை, அதாவது அடிப்படுகையை, இட்டு, உட்புறத்திலும் வெளிப்புறத்துக்கு இணையான தரத்தோடு உலோகம் படிந்திருந்தால் அதை முதல் வகையாகவே கொள்ள விதி இடம் தருகிறது.

இரண்டு கணக்குகள்

உருளையின் நீளத் தையலுக்கான கனத்தின் சூத்திரம் எளியது. அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கி மேலே எழுதுங்கள். அனுமதித்த தகைவை (ஓர் அலகுப் பரப்பில் தகடு தாங்க விடப்படும் விசையை) இணைப்புத் திறனால் பெருக்கி, அதிலிருந்து அழுத்தத்தின் 0.6 மடங்கைக் கழித்துக் கீழே எழுதுங்கள். வகுத்து வரும் கனத்தோடு அரிமானத்துக்கான கூடுதலைச் சேர்க்க வேண்டும்.

மேலே சொன்ன காற்றுக் கலனையே எடுத்துக்கொள்வோம். எஸ்.ஏ. 516 கிரேடு 70 தகட்டுக்குச் சாதாரண வெப்பநிலையில் அனுமதித்த தகைவு 138 மெகாபாஸ்கல். அரிமானக் கூடுதல் 1.5 மி.மீ. என்றால், அரிந்த நிலையில் ஆரம் 601.5 மி.மீ. இணைப்புத் திறன் 1.0 எனில் 4.38 மி.மீ. வருகிறது, கூடுதலோடு 5.88, ஆகவே 6 மி.மீ. தகடு போதும். திறன் 0.85 எனில் 5.15, கூடுதலோடு 6.65. திறன் 0.70 எனில் 6.27, கூடுதலோடு 7.77. நம் சந்தையில் 6-க்கு அடுத்து எளிதாகக் கிடைப்பது 8 மி.மீ. தகடு என்பதால், பின்னிரண்டு வழிகளும் ஒரே 8 மி.மீ. தகட்டில் போய் முடிகின்றன. ஆங்காங்கே ஃபிலிம் எடுத்தும் ஒரு கிலோ தகடுகூட மிச்சமாகவில்லை. கணக்கை எழுதிப் பார்க்காமல், வழக்கத்தை முன்னிட்டு 0.85 என்று போட்டுவிடுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

பெரிய கலனில் நிலைமை மாறுகிறது. விட்டம் 2400 மி.மீ., உருளை நீளம் 12 மீட்டர், அழுத்தம் 1.5 மெகாபாஸ்கல், தகடும் கூடுதலும் அவையே என்று வைத்துக்கொள்ளுங்கள். திறன் 1.0 எனில் 14.65, ஆகவே 16 மி.மீ. தகடு, 0.85 எனில் 16.98, ஆகவே 18 மி.மீ.; 0.70 எனில் 20.33, ஆகவே 22 மி.மீ. இந்த உருளையில் ஒவ்வொரு மி.மீ. கனமும் ஏறக்குறைய 710 கிலோ எடை. பதினாறுக்கும் இருபத்திரண்டுக்கும் இடையே 4 டன்னுக்கு மேல் எஃகு இருக்கிறது. வி வடிவ இணைப்பில் நிரப்ப வேண்டிய உலோகம் கனத்தின் இருபடியாக வளர்வதால், வெல்டிங் ராடும் வெல்டரின் நேரமும் ஏறக்குறைய இரு மடங்காகின்றன. உருட்டும் எந்திரத்தின் திறனும் கிரேனின் திறனும் கூடவே கேள்விக்கு வரும்.

எந்தத் தையலுக்கு முழு ஃபிலிம்?

கலனில் உள்ள தையல்கள் எல்லாவற்றின் மேலும் ஒரே சுமை விழுவதில்லை. மெல்லிய உருளையில் நீளத் தையலைப் பிரிக்க முயலும் தகைவு, சுற்றுத் தையலைப் பிரிக்க முயலும் தகைவைப்போல் இரு மடங்கு. முதல் கலனின் சுற்றுத் தையலுக்கு 0.70 திறனே வைத்தாலும் 3.11 மி.மீ. கனம் போதுமென்று வரும். இதனால்தான் விதிநூல் தையல்களை ஏ, பி, சி, டி என்று இருக்குமிடத்தைக் கொண்டு பிரிக்கிறது. உருளையின் நீளத் தையல், டிஷ் எண்டுக்குள் வரும் எந்தத் தையலும், அரைக்கோள முனையை உருளையோடு சேர்க்கும் தையல் ஆகியவை ஏ. உருளைகளை ஒன்றோடொன்று சேர்க்கும் சுற்றுத் தையலும் மற்ற வடிவ முனைகளைச் சேர்க்கும் தையலும் பி. ஃபிளாஞ்சு (போல்ட் போடும் வளையம்), டியூப் ஷீட் (குழாய்கள் பொருந்தும் துளைத் தகடு), தட்டை முனை சேருமிடம் சி. நாசில் (குழாய் இணையும் வாய்) கலனோடு சேருமிடம் டி. முட்டு இணைப்பா, ஃபில்லட்டா (மூலை வெல்டிங்கா) என்பது வேறு பிரிவு; இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் பலர்.

இங்கேதான் ஆர்.டி.-2 (ஆர்.டி. என்றால் ரேடியோகிராஃபி) என்ற வழி பயன்படுகிறது. ஏ, டி வகை முட்டுத் தையல்களுக்கு முழு ஃபிலிம் எடுத்து, அவற்றைச் சந்திக்கும் பி வகைத் தையல்களுக்கு ஆங்காங்கே எடுத்தால், நீளத் தையலுக்கு 1.0 என்றே கணக்கிடலாம். நம் பெரிய கலனை 2 மீட்டர் அகலத் தகடுகளால் ஆறு உருளைகளாகச் செய்தால், நீளத் தையல் 12 மீட்டர். முனைகளையும் சேர்த்து ஏழு சுற்றுத் தையல்கள் ஏறக்குறைய 53 மீட்டர். முழுக் கலனுக்கும் ஃபிலிம் எடுக்கும் ஆர்.டி.-1 வழியில் 65 மீட்டர்; ஆர்.டி.-2 வழியில் 12 மீட்டரும் நான்கைந்து ஸ்பாட்டும், அதாவது ஆங்காங்கே எடுக்கும் சிறு மாதிரிப் படங்களும். தகடு இரண்டிலும் 16 மி.மீ.தான். என் கருத்தில், நச்சுப் பொருள் இல்லாத நடுத்தர, பெரிய கலன்களுக்கு முதலில் ஆராய வேண்டிய வழி இதுவே.

ஆனால் இரண்டு இடங்களில் கால் இடறும். முதலாவது, டிஷ் எண்ட். 2400 மி.மீ. விட்டமுள்ள முனைக்கு வெட்டும் வட்டத் தகடு 2 மீட்டர் அகலத் தகட்டில் அடங்காது. இரண்டு துண்டுகளைச் சேர்த்தே வடிவமைப்பார்கள். அந்தத் தையல் ஏ வகை. ஆகவே அதற்கும் முழு ஃபிலிம் வேண்டும். அதையும் வடிவமைத்து முடித்த பிறகு எடுக்க வேண்டும், ஏனென்றால் வளைக்கும்போதுதான் மறைந்திருந்த குறை விரிசலாகத் திறக்கும். இரண்டாவது, தையலே இல்லாத முனை. தையல் இல்லாததால் 1.0 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுகிறார்கள். அதை உருளையோடு சேர்க்கும் சுற்றுத் தையலில் ஸ்பாட் எடுக்காவிட்டால், தையலற்ற முனைக்கும் 0.85தான்.

நம் விருப்பத்துக்கு விடாத கலன்களும் உண்டு. உயிர்க்கொல்லிப் பொருளைத் தாங்கும் கலனின் எல்லா முட்டுத் தையல்களுக்கும், சாதாரணக் கார்பன் எஃகில் 32 மி.மீ. கனத்துக்கு மேற்பட்ட முட்டுத் தையல்களுக்கும் முழு ஃபிலிம் கட்டாயம். அங்கே மிச்சம் பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை.

ஸ்பாட் எடுப்பதன் ஒழுங்கு

ஒவ்வொரு 15 மீட்டர் வெல்டிங்குக்கும், மீதமுள்ள பகுதிக்கும், ஒரு ஸ்பாட். அதன் நீளம் 150 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அந்த நீளத்தில் வேலை செய்த ஒவ்வொரு வெல்டரின் கைவேலையும் ஏதேனும் ஒரு ஸ்பாட்டில் வந்தாக வேண்டும். இடத்தைத் தேர்வது ஆய்வாளரின் உரிமை. அதுவும் வெல்டிங் முடிந்த பிறகு. ஒருமுறை நல்ல கைத்திறனுள்ள வெல்டர் ஒருவர், "அண்ணாச்சி, எந்த எடத்துல எடுப்பீங்கன்னு மொதல்லயே சொல்லிட்டா அங்க நல்லாப் பாத்துப் போட்டுருவேன்" என்று வெள்ளை மனத்தோடு கேட்டார். அப்படிச் சொல்லிவிட்டால் அந்த ஃபிலிம் 150 மி.மீ.யைப் பற்றி மட்டுமே பேசும், மீதி 14.85 மீட்டரைப் பற்றி ஒன்றும் சொல்லாது என்று விளக்கினேன். முன்கூட்டித் தெரியாத மாதிரி என்பதில்தான் 0.85 என்ற எண்ணின் உயிர் இருக்கிறது.

ஸ்பாட் தவறினால் அதே 15 மீட்டரில் வேறு இரண்டு இடங்களில் எடுக்க வேண்டும். இரண்டும் தேறினால், முதலில் கண்ட குறையை மட்டும் பழுது பார்த்தால் போதும். இரண்டில் ஒன்று தவறினாலும் அந்த 15 மீட்டர் முழுவதும் நிராகரிக்கப்படும். வெட்டி மறுபடி வெல்டிங் செய்ய வேண்டும், அல்லது முழுவதற்கும் ஃபிலிம் எடுத்துக் குறைகளைத் திருத்த வேண்டும். இதற்காகவே ஸ்பாட்டுகளைக் கலன் முடிந்த பிறகு மொத்தமாக எடுக்காமல், ஒவ்வொரு பகுதியும் முடிந்தவுடன் எடுத்துவிடுங்கள். ஒரு வெல்டரின் ரூட்டில் குறை வருகிறதென்றால் அது இரண்டாம் நாளே தெரிய வேண்டும். இருபதாம் நாள் தெரிந்து பயனில்லை.

ஃபிலிம் எடுக்கும் முன்னும் எடுக்கும்போதும்

மேற்பரப்பில் உள்ள பள்ளமும் மேடும் ஃபிலிமில் உள்குறையைப் போலவே தெரியும், அல்லது உள்குறையை மறைக்கும். ஆகவே கேப்பிங்கின் (தையலின் மேலடுக்கின்) அலைகளைத் தேய்த்துச் சமப்படுத்துங்கள். 5 முதல் 25 மி.மீ. வரையுள்ள தகடுகளின் நீளத் தையலில் கேப்பிங் உயரம் ஒரு முகத்தில் 2.4 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. கண்ணால் பார்த்துத் தேறாத தையலுக்கு ஃபிலிம் எடுக்க ஒப்புக்கொள்ளவே வேண்டாம்.

காமாக் கதிர் தரும் இரிடியம்-192 சோர்ஸ் எல்லோரிடமும் இருக்கிறது. அதன் அரையாயுள் ஏறக்குறைய 74 நாள். சோர்ஸ் வந்த நாளின் கியூரியை (கதிர் வலிமையை) நினைவில் வைத்துக்கொண்டு இரண்டரை மாதம் கழித்து அதே நேர அளவுக்கு ஷாட் வைத்தால், அதாவது கதிரைப் பாய்ச்சினால், ஃபிலிம் வெளிறித்தான் வரும். 20 மி.மீ.க்கு மேற்பட்ட எஃகில் அது நன்றாக வேலை செய்யும். 6, 8 மி.மீ. தகடுகளில் அதன் கதிர் மிகவும் வலிமையாக ஊடுருவிவிடுவதால் நிழல் வேறுபாடு மங்கி, மெல்லிய ஒட்டாமையும் (உலோகம் தகட்டோடு சேராத குறையும்) நுண்விரிசலும் தப்பிப் போகலாம். அத்தகைய கலன்களுக்கு எக்ஸ்ரே கருவியையோ செலினியம்-75 சோர்ஸையோ கேளுங்கள்.

படத்தின் தெளிவைச் சோதிக்கும் கம்பிப் பெனட்ரோமீட்டரைத் தையலுக்குக் குறுக்காக, சோர்ஸ் பக்கத்தில் வைக்க வேண்டும். 8 மி.மீ. தகட்டில் கேப்பிங்கோடு 10 மி.மீ. கனமென்றால் 0.33 மி.மீ. கம்பி தெரிய வேண்டும், 16 மி.மீ. தகட்டில் கேப்பிங்கோடு 18 மி.மீ. என்றால் 0.41 மி.மீ. கம்பி. சோர்ஸ் பக்கம் கையெட்டாதபோது மட்டும் ஃபிலிம் பக்கத்தில் வைக்கலாம். அப்போது ஒரு படி மெல்லிய கம்பி தெரிய வேண்டும், ஈயத்தில் எஃப் எழுத்தும் இருக்க வேண்டும். கேசட்டின் (ஃபிலிம் உறையின்) பின்புறத்தில் ஈயத்தாலான பி எழுத்தை ஒட்டுவதை மறக்காதீர்கள். அது ஃபிலிமில் வெளிறிய எழுத்தாகத் தெரிந்தால், பின்புறத்திலிருந்து சிதறிய கதிர் ஃபிலிமைக் கெடுத்திருக்கிறது என்று பொருள். அந்த ஃபிலிம் செல்லாது.

தையலின் தொடக்கப் புள்ளியையும் திசையையும் தகட்டிலேயே அழியாமல் குறித்து, ஷாட் வரைபடம் ஒன்று வரைந்துகொள்ளுங்கள். பழுது பார்க்கத் தவறான இடத்தைத் தோண்டிய பட்டறைகளை நான் பார்த்திருக்கிறேன். நல்ல உலோகம் போய், குறை உள்ளேயே கிடந்தது.

டார்க் ரூமில் டெவலப்பரை 20 டிகிரியில் வைத்து 5 நிமிடம் என்பது கைமுறையில் வழக்கமான அளவு. சித்திரை வெயிலில் நம் ஊர்த் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டி நிற்கும். பனிக்கட்டியை டெவலப்பருக்குள் போடாமல், தொட்டியைச் சுற்றியுள்ள நீரில் போட்டுக் குளிர வையுங்கள். உள்ளே போட்டால் கரைசல் நீர்த்துப்போய், அடர்த்தி ஷாட்டுக்கு ஷாட் மாறும். கடைசி அலசலுக்கு உப்பான போர் நீரைத் தவிர்த்து நல்ல நீரைப் பயன்படுத்துங்கள். காயும்போது படியும் உப்புத் திட்டுகள் படிப்பவரைத் தடுமாறச் செய்யும்.

கதிரின் அருகில்

இந்தப் பகுதியை யாரும் மேலோட்டமாகப் படிக்கக் கூடாதென்று கேட்டுக்கொள்கிறேன். 20 கியூரி இரிடியம் சோர்ஸ், அதை அடைத்து வைக்கும் கேமராவுக்கு வெளியே வந்து நிற்கும்போது, மறைப்பு ஏதுமின்றி 1 மீட்டர் தொலைவில் மணிக்கு ஏறக்குறைய 100 மில்லிசீவர்ட். தொலைவு பத்து மடங்கானால் கதிர் நூறில் ஒன்றாகும். ஆகவே 10 மீட்டரில் மணிக்கு 1 மில்லிசீவர்ட். பொதுமக்களில் ஒருவருக்கு ஓர் ஆண்டு முழுவதற்கும் வகுத்த வரம்பே 1 மில்லிசீவர்ட்தான். 100 மீட்டரில் அது மணிக்கு 10 மைக்ரோசீவர்ட்டாகக் குறைகிறது. இதனால்தான் கோலிமேட்டர் (கதிரை ஒரு திசைக்குள் அடக்கும் மறைப்பு) இல்லாமல் ஷாட் வைக்கக் கூடாது. கயிறு கட்டி, எச்சரிக்கைப் பலகை வைத்து, ஆள் நிறுத்தி, எல்லையில் சர்வே மீட்டரால் அளந்து பார்க்காமல் அடுத்த ஷாட்டுக்குப் போகக் கூடாது.

கருவியும் சோர்ஸும் இடமும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி பெற்றவையா, கதிர்ப் பாதுகாப்பு அதிகாரி யார், ரேடியோகிராஃபருக்கு டி.எல்.டி. பேட்ஜ் (உடல் ஏற்ற கதிரை அளக்கும் வில்லை) இருக்கிறதா என்று கேட்பது ஆய்வாளரின் கடமை. ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் சோர்ஸ் உள்ளே வந்துவிட்டதை மீட்டரால் உறுதி செய்யுங்கள். கைப்பிடி முழுவதும் சுற்றியாயிற்று என்பது சான்றாகாது. ஷாட் பெரும்பாலும் இரவில்தான் நடக்கும். சுற்றுச்சுவருக்கு வெளியே ஆள் நடமாட்டம் இராது என்று எண்ணிவிடாதீர்கள். கோயில் கொடை நாட்களில் நள்ளிரவிலும் பிள்ளைகளோடு வேலியோரமாக நடந்து போவார்கள். அந்த ஊரில் கொடை என்றைக்கு என்று காவலாளியிடம் கேட்டு, அந்த இரவை விட்டுவிடுங்கள்.

படிப்பதும் காரணம் காண்பதும்

காமாக் கதிரில் எடுத்த ஃபிலிமின் அடர்த்தி (கருமை அளவு) 2.0 முதல் 4.0 வரை, எக்ஸ்ரேயில் 1.8 முதல் 4.0 வரை இருக்க வேண்டும். பெனட்ரோமீட்டர் உள்ள இடத்து அடர்த்தியைவிடத் தையலின் எந்த இடமும் 15 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தோ 30 விழுக்காட்டுக்கு மேல் கூடியோ இருக்கக் கூடாது. இதைப் பார்த்த பிறகே குறையைத் தேடுங்கள். சந்தேகமான கோடு ஒன்று தெரிந்தால் ஃபிலிமைச் சாய்த்துப் பாருங்கள். கீறலென்றால் மேற்பரப்பு பளிச்சிடும். ஒரே கேசட்டில் இரண்டு ஃபிலிம் வைத்திருந்தால் ஐயம் உடனே தீரும்.

விரிசல், ஒட்டாமை, முழுமையடையாத ஊடுருவல் ஆகிய மூன்றுக்கும் எந்த வழியிலும் மன்னிப்பில்லை. நீண்ட ஸ்லாக்குக்கு மட்டும் அளவு உண்டு. முழு ஃபிலிமின் விதிப்படி 19 மி.மீ. கனம் வரை 6 மி.மீ. நீளத்துக்கு மேல் கூடாது. வரிசையாக அமைந்தவை, கனத்தின் 12 மடங்கு நீளத்துக்குள் மொத்தமாகக் கனத்தின் அளவைத் தாண்டக் கூடாது. ஸ்பாட்டின் விதி சற்றுத் தளர்வானது: கனத்தின் மூன்றில் இரு பங்கு வரை ஸ்லாக்கை ஏற்கும், வட்டத் துளைகளைக் கணக்கில் எடுக்காது. 16 மி.மீ. தகட்டில் 9 மி.மீ. ஸ்லாக் ஒன்று ஸ்பாட்டில் தேறும், முழு ஃபிலிமில் தவறும். ஆகவே படிக்க உட்காரும்போது இது எந்த விதிக்கான ஃபிலிம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

குறையை எண்ணி எழுதுவதோடு நிற்காமல் அது எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள். ஆனி, ஆடி மாதங்களில் கணவாய்களின் வழியே இறங்கும் காற்று பணகுடி, வள்ளியூர், காவல்கிணறு பக்கத்தில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அதே காற்று திறந்த களத்தில் மிக் வெல்டிங்கின் காப்பு வாயுவைக் கலைத்துவிடும். ஃபிலிமில் கொத்துக்கொத்தாகக் காற்றுத்துளைகள் தெரிந்தால், வெல்டரைக் கடிந்துகொள்ளும் முன் தார்ப்பாய் மறைப்பு இருந்ததா என்று கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் தூத்துக்குடிக் கடலோர ஈரத்திலும் ஈ-7018 என்ற வெல்டிங் ராடு ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; அடுப்பில் 300 டிகிரிக்கு மேல் சுட்டு, கையடுப்பிலிருந்து எடுத்துப் பயன்படுத்தாவிட்டால் துளையும், தடித்த தகட்டில் ஹைட்ரஜன் விரிசலும் வரும். வெல்டிங் முடிந்து சில மணி நேரம் கழித்தே அந்த விரிசல் தோன்றக்கூடும் என்பதால், தடித்த தகட்டில் சூடு ஆறியவுடன் அவசரப்பட்டு ஃபிலிம் எடுப்பது நல்லதன்று. கதிரின் திசைக்குச் சாய்வாகக் கிடக்கும் மெல்லிய ஒட்டாமையை ஃபிலிம் காட்டாமலே போகலாம் என்பதையும் மனத்தில் வைத்து, ஐயமுள்ள இடங்களில் மீயொலிச் சோதனையையும் கேளுங்கள்.

பெயர்த்தகடும் பின்னாளும்

பெயர்த்தகட்டில் ஆர்.டி.-1, 2, 3, 4 என்று பொறிப்பது, எந்த வழியில் இணைப்புத் திறன் பெறப்பட்டது என்பதன் அறிவிப்பு. 1 என்றால் முழுவதும். 2 என்றால் மேலே சொன்ன கலப்பு வழி. 3 என்றால் ஸ்பாட். இவற்றில் எதிலும் முழுமையாக அடங்காமல் ஒரு பகுதிக்கு மட்டும் எடுத்திருந்தால் 4. கணக்குத் தாளில் உள்ள எண்ணும் பெயர்த்தகட்டில் உள்ள எண்ணும் ஃபிலிம் அறிக்கையும் ஒன்றையொன்று ஒப்புக்கொள்கின்றனவா என்று கையெழுத்திடும் முன் மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

சிறிய கலனில் ஸ்பாட் எடுத்தும் தகடு மிச்சமாகவில்லை என்று முன்னே சொன்னேன். அதில் ஒரு பக்கம் மீதியிருக்கிறது. அந்த 8 மி.மீ. கலன் பத்தாண்டு கழித்து அரித்துத் தேய்ந்திருக்கும்; ஒருவர் கனமானியால் அளந்து 5.8 மி.மீ. என்று எழுதுவார். ஃபிலிமே எடுக்காத கலனென்றால் அதற்குத் தேவை 6.27 மி.மீ.; அழுத்தத்தைக் குறைக்க வேண்டும் அல்லது கலனைக் கழிக்க வேண்டும். முறையாக ஸ்பாட் எடுத்து, கணக்கும் அதன்படி எழுதப்பட்ட கலனென்றால் 5.15 போதும், இன்னும் சில ஆண்டுகள் அதே 1.0 மெகாபாஸ்கலில் ஓடும். அன்றைக்கு அவர் தேடுவது ஷாட் வரைபடத்தையும் ஃபிலிம் அறிக்கையையும் கணக்குத் தாளையும்தான். ஆகவே மூன்றின் பிரதியையும் ஒரே உறையிலிட்டு, கலனை வாங்கியவரிடம் கையெழுத்துப் பெற்று ஒப்படையுங்கள். பட்டறையில் தங்கும் ஃபிலிம்களை ஈரம் ஏறாத உலர்ந்த அலமாரியில், இடையே தாள் வைத்து நிறுத்தி அடுக்குங்கள்.